மாவு எழும் நேரம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாலாவது மாதம். வலது கையில் விரல்கள் மட்டும் லேசாக அசைய ஆரம்பித்திருந்தன. வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபி செய்ய ஒரு தம்பி வீட்டுக்கு வருவார். அன்றைக்கு வழக்கமான பயிற்சியெல்லாம் முடிந்த பிறகு, அப்பாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்.

"ஐயா, முன்னால ஸ்டூல்ல ஒரு டம்ளர் இருக்கு. கையை இப்ப அசைக்க வேண்டாம். மனசுக்குள்ள மட்டும் எடுங்க. முதல்ல தோள் வருது. அப்புறம் முழங்கை. இப்ப விரல் விரியுது. டம்ளரைப் பிடிச்சாச்சா? சில்லுனு இருக்கா?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் குழறிய நாக்கோடு, "சுடுது தம்பி. காப்பியில்லா" என்றார்.

நான் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கை முழுக்க ரொட்டி மாவு. அந்த டம்ளரின் சூடு என் உள்ளங்கையிலும் பட்டதுபோல இருந்தது. தம்பி கிளம்பும்போது விவரம் கேட்டேன். ஓர் அசைவை மனதில் நுணுக்கமாகச் செய்து பார்க்கும்போது, அந்த அசைவை நடத்துகிற மூளைப் பகுதிகளில் பல வேலை செய்கின்றன என்றும், அதனால் கைப்பயிற்சிக்குப் பதிலாக இல்லாமல் அதோடு சேர்த்து இதையும் செய்ய வைக்கிறோம் என்றும் சொன்னார். "பொத்தாம் பொதுவா நினைச்சா பிரயோஜனம் இல்லக்கா. ஒவ்வொரு கணுவா நினைக்கணும்" என்றார். அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டேன். நான் வீட்டில் ரொட்டி சுடும் விதமும், என் தூக்கமும் மாறியது அங்கிருந்துதான்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா குளியலறையில் விழுந்தது ராத்திரி இரண்டரை மணிக்கு. அதற்குப் பிறகு தினமும் அதே நேரத்துக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும். விடியும்வரை நெஞ்சு படபடக்கும். டாக்டர் மாத்திரை கொடுத்தார், ஒரு மனநல ஆலோசகரையும் பார்க்கச் சொன்னார். அந்த மேடம் முதலில் சொல்லித்தந்தது, பத்து நிமிஷம் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது. எனக்கு ஒத்துவரவில்லை. கண்ணை மூடினால் அந்த ராத்திரி வாளி உருண்ட சத்தம்தான் கேட்கும். இரண்டு வாரம் கழித்து அழுதுகொண்டே சொன்னேன். அவர் கொஞ்சமும் சங்கடப்படாமல், "அப்ப கண்ணைத் திறந்தே வச்சுக்கோங்க. கையால செய்யற வேலை எது உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்டார். ரொட்டி சுடுவேன் என்றேன்.

அடுத்த முறை போனபோது என் உள்ளங்கையில் ஒரே ஒரு உலர் திராட்சையை வைத்தார். அதை முதன்முறையாகப் பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டும். சுருக்கங்களை விரலால் தடவ வேண்டும், காதருகே உருட்டிக் கேட்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், நாக்கில் வைத்துக் கடிக்காமல் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு திராட்சையைத் தின்ன ஐந்து நிமிஷம் ஆனது. 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் என்பவர், தீராத வலியும் நோயும் உள்ளவர்களுக்காக ஆரம்பித்த எட்டு வாரப் பயிற்சியில் இதுதான் முதல் பாடங்களில் ஒன்றாம். மைண்ட்ஃபுல்னெஸ் என்று இன்றைக்கு எல்லோரும் சொல்கிறோமே, மருத்துவமனைக்குள் அது நுழைந்த வழி அது. வீட்டுக்கு வந்து திராட்சை டப்பாவைத் திறந்து ரொட்டியிலும் ஒரு கைப்பிடி போட்டேன்.

அதற்கு முன்பும் இரண்டு வருஷமாக ஓ.டி.ஜி. என்கிற சின்ன மின்சார ஓவனில் ரொட்டி சுட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் சுட்ட விதம் வேறு. செல்போனில் ஒரு அழகான ரொட்டிப் படத்தைப் பார்ப்பேன். நன்றாக உப்பி, மேலே தேன் நிறத்தில் மின்னும். மாவைத் தொடுவதற்கு முன்பே அந்தப் படம் மனதில் ஏறி உட்கார்ந்துவிடும். நான் சுட்டது அப்படி வராது. மனசு ஒடிந்துபோகும். பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் ஒருநாள், குறிப்பில் சொல்லியிருந்தபடி மாவை ஒன்றரை மணி நேரம் மூடி வைத்தேன். திறந்தால் மாவு பொங்கி, நடுவில் குழிந்து, கள் மாதிரி புளித்த வாடை. சுட்டதில் பலகை மாதிரி வந்தது. குளிர்காலத்தில் 20 டிகிரி இருக்கிற ஊரில் எழுதிய குறிப்பு அது. நம் ஊரில் 38 டிகிரியில் முப்பத்தைந்து, நாற்பது நிமிஷத்திலேயே மாவு இரண்டு மடங்காகிவிடும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், மாவைப் பார்க்கவில்லை.

இப்போது செய்கிற விதத்தைச் சொல்கிறேன். 300 கிராம் மைதா, 190 மில்லி தண்ணீர், 6 கிராம் உப்பு, 15 கிராம் சர்க்கரை, 4 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், கடைசியில் 20 கிராம் வெண்ணெய். வெயில் காலத்தில் தண்ணீரை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றுவேன், அப்போதுதான் மாவு சூடேறாமல் நிதானமாக எழும். எல்லாவற்றையும் எடைபோட்டுத் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, செல்போனைப் பக்கத்து அறையில் விட்டுவிட்டு, ஸ்டூலில் உட்காருவேன். கண் மூடுவது சிரமமாக இருக்கிற நாளில் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொள்வேன். அப்புறம் இந்த ரொட்டியை மனதுக்குள் ஒருமுறை சுட்டுப்பார்ப்பேன்.

தம்பி சொன்னபடி, ஒவ்வொரு கணுவாக. மாவில் குழி பறிக்கிறேன். தண்ணீர் விழுகிற சத்தம். விரல் இடுக்கில் பிசுபிசுப்பு. எண்ணெய் தடவிய கிண்ணத்துக்கு மாற்றுகிறேன். டின்னில் வைக்கிறேன். ஓவன் கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கிறது. டின்னை வெளியே எடுக்கிறேன்... இந்த இடத்தில் முதல்முறை அப்படியே நின்றுவிட்டேன். எடுத்த டின்னை எங்கே வைப்பேன்? அடுக்களை மேடையில் இடமே இல்லை. மனதுக்குள்ளேயே சுடுகிற டின்னைப் பிடித்துக்கொண்டு தவித்தேன். எழுந்துபோய் மேடையை ஒதுக்கி, மரப்பலகை ஒன்றை வைத்தேன். இன்னொரு நாள் இப்படிச் சுட்டுப்பார்க்கும்போது, உப்பு என் கைக்கு வரவே இல்லை என்று தெரிந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் நிஜமாகவே எடுத்து வைக்கவில்லை. அதற்கு முன் இரண்டு முறை உப்பு மறந்திருக்கிறேன். உப்பில்லாத மாவு கடிவாளம் இல்லாத மாதிரி வேகமாக ஏறும், ரொட்டி சப்பென்று இருக்கும்.

ஆக, மனக்காட்சியில் முடிவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன், வேலையை மட்டும் பார்க்கிறேன். தேன் நிற ரொட்டி அதில் வருவதே இல்லை. டின்னைப் பலகையில் வைப்பதோடு முடித்துக்கொள்வேன். இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். 1999இல் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் என்ற இரு உளவியலாளர்கள் கலிபோர்னியாவில் ஒரு சோதனை வெளியிட்டார்கள். தேர்வுக்கு முன்னால் சில மாணவர்கள் தாங்கள் நல்ல மதிப்பெண் வாங்குவதைக் கற்பனை செய்தார்கள். சிலர் உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தார்கள். படிப்பதைக் கற்பனை செய்தவர்கள்தான் அதிக நேரம் படித்தார்கள், மதிப்பெண்ணும் அதிகம் வாங்கினார்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அந்தத் தேன் நிறப் படம் எத்தனை நாள் என் கையிலிருந்த நல்ல ரொட்டியை ருசிக்க விடாமல் செய்திருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

பிசைவதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், என்னைத் தூக்கி நிறுத்தியது அதுதான். கையால் பன்னிரண்டு நிமிஷம். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளு, விரலால் மடி, கால் வட்டம் திருப்பு. தள்ளும்போது மூச்சு வெளியே, மடிக்கும்போது உள்ளே. முதல் மூன்று நிமிஷம் மாவு கையோடு ஒட்டும், மேடையோடு ஒட்டும், எரிச்சலாக வரும். இன்னும் மைதா தூவலாமா என்று கை பரபரக்கும். தூவாதீர்கள். அந்த எரிச்சல் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். எனக்கு அது தாடையில் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். தாடையைத் தளர்த்தினால் தோளும் இறங்கும். ஐந்தாவது நிமிஷம் மாவு சொரசொரப்பாக, சப்பாத்தி மாவு பதத்துக்கு வரும். இங்கேதான் மனசு ஓட ஆரம்பிக்கும். அப்பாவுக்கு நாளைக்கு ரத்தப் பரிசோதனை, இந்த மாதம் மாத்திரைச் செலவு, அந்த ராத்திரி. ஓடினது தெரிந்ததும் திட்டிக்கொள்ளாமல், "ஓடிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளங்கை அடிக்குத் திரும்புவேன். ஒரு பிசைவில் இருபது தடவை திரும்பியிருக்கிறேன். அந்த மேடம் இதைக் கேட்டுவிட்டு, "இருபது தடவை பயிற்சி செஞ்சிருக்கீங்க" என்றார்.

எட்டு நிமிஷத்துக்கு மேல் ஒரு கணம் வரும். அது வரைக்கும் கிழிந்துகொண்டிருந்த மாவு திடீரென்று ஒரு உடம்பாகிவிடும். மாவிலுள்ள இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிணைந்து க்ளூட்டன் வலையாகிற வேலை அது. புரோட்டா மாஸ்டர்கள் அடித்து அடித்து எழுப்புவதும் அதே வலையைத்தான். தொட்டுப்பார்த்தால் காது மடல் மாதிரி இருக்கும். நெல்லிக்காய் அளவு கிள்ளி, இரண்டு கையாலும் மெல்ல விரித்து ஜன்னல் பக்கம் பிடித்தால், கிழியாமல் வெளிச்சம் தெரிகிற சவ்வாக வரும். அந்தச் சவ்வுக்குப் பின்னால் எங்கள் முருங்கை மரம் பச்சை நிழலாகத் தெரியும். பல மாதமாக நான் எதையும் நின்று பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாவு முதல் தடவை எழுகிற அரைமணி, முக்கால் மணி நேரம் இருக்கிறதே, முன்பெல்லாம் அந்த நேரத்தில் துணி மடிப்பேன், போன் பேசுவேன், போய்ப்போய் மூடியைத் திறந்து பார்ப்பேன். இப்போது நாற்பது நிமிஷத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, பத்தமடைப் பாயில் மல்லாந்து படுக்கிறேன். பாயைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் மாவட்டத்துப் பத்தமடையில் 1887இல் பிறந்தவர் சுவாமி சிவானந்தர். அவருடைய சீடர் சத்தியானந்தர்தான், இன்றைக்குப் பலரும் செய்கிற யோக நித்ராவை ஒழுங்குபடுத்தி, பீகாரிலுள்ள முங்கேரிலிருந்து பரப்பியவர். வலது கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் என்று உடம்பைச் சுற்றி வந்து, அப்புறம் மனக்காட்சிக்குப் போகிற முறை. ஆங்கிலப் பதிவுகளைக் கேட்டுப்பார்த்தேன். நான் கால் வைத்தே பார்க்காத பனிமலையும் ஏரியும் வந்தன. என் மனசு அங்கே போகவில்லை. அதனால் என் குரலிலேயே, தமிழிலேயே, செல்போனில் பதினொரு நிமிஷம் பதிவு செய்துகொண்டேன். முதல் நாலு நிமிஷம் உடம்பு. அப்புறம் எங்கள் தாமிரபரணிக் கரையிலுள்ள குறுக்குத்துறை வரும்:

"குறுக்குத்துறைப் படித்துறையில நிக்கேன். காலடியில கல்லு வெதுவெதுனு இருக்கு. ஒரு படி இறங்குதேன். இன்னொரு படி. ஈரக்கல்லு வாடை வருது. அஞ்சாவது படியில தண்ணி கணுக்காலைத் தொடுது. குளிருது. கொலுசு மேல தண்ணி சுத்திக்கிட்டுப் போகுது. யாரோ துணி துவைக்கிற சத்தம் தூரத்துல. தண்ணி எதையும் பிடிச்சு வைக்கல. போய்க்கிட்டே இருக்கு. இப்ப என் வீட்டு அடுக்களை. ஈரத்துணி மூடின கிண்ணம். உள்ள மாவு எழுந்துக்கிட்டு இருக்கு. நான் ஒண்ணும் செய்ய வேண்டாம்."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் இரண்டு மூச்சு இடைவெளி விட்டுப் பேசியிருக்கிறேன். பதிவு செய்யும்போது அது அநியாய மெதுவாகத் தோன்றும். படுத்துக் கேட்கும்போதுதான் அந்த இடைவெளி வேண்டியிருப்பது தெரியும்.

என் மகளையும் ஒருநாள் படுக்க வைத்துக் கேட்கச் சொன்னேன். எழுந்து, "எனக்கு ஆறும் வரல, படியும் வரலம்மா. கறுப்பாத்தான் இருந்துச்சு" என்றாள். அவள் கவனிக்கவில்லை என்று நினைத்துவிட்டேன், அது என் தவறு. சிலருக்கு மனதில் படமே வராது. பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1880லேயே, காலைச் சாப்பாட்டு மேசையை மனதில் கொண்டுவந்து பார்க்கச் சொல்லிப் பலரிடம் கேட்டபோது, எதுவும் தெரியவில்லை என்றவர்கள் இருந்தார்கள். 2015இல் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஸீமன் இதற்கு அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார். அது நோய் இல்லை, மனசு வேலை செய்கிற விதங்களில் ஒன்று. மகளுக்காக இப்போது நான் படம் காட்ட முயல்வதில்லை. மாவுக் கிண்ணத்தின் மேல் நிஜமாகவே கையை வைக்கச் சொல்கிறேன். துணி வழியாக வருகிற லேசான சூட்டை அவள் பத்து நிமிஷம் கவனிப்பாள். அவளுக்கு அது போதுமானதாக இருக்கிறது. நீங்களும் யாருக்காவது இப்படிச் சொல்லித்தந்தால், "பாருங்கள்" என்ற வார்த்தையைக் குறைத்து, தொடுவதையும் வாடையையும் சத்தத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கையாகச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். கண் மூடிப் படுப்பதெல்லாம் மாவு எழுகிற நேரத்தில் மட்டும்தான். ஓவன் ஓடும்போது ஒருபோதும் செய்யாதீர்கள், தூக்கம் வந்துவிடும். கண்ணை மூடினால் பயம் கூடுகிறது என்றால் திறந்து வைத்துக்கொண்டு பிசையுங்கள், யார் கட்டாயப்படுத்தினாலும் மூட வேண்டாம். அப்புறம், ரொட்டி சுட ஆரம்பித்ததும் நான் மாத்திரையை நிறுத்திவிடவில்லை. ஏழு மாதம் கழித்து டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

ஓவனில் வைத்த பிறகு வேறொரு கவனம். கீழும் மேலும் சூடேற்றும் கம்பியைப் போட்டு 200 டிகிரியில் நன்றாகச் சூடேற்றி, டின்னை உள்ளே வைத்ததும் ஸ்டூலைத் தள்ளிப் போட்டு உட்காருவேன். கண் திறந்திருக்கும், வேலை மூக்குக்கு. முதல் எட்டு நிமிஷம் புளித்த பதநீர் வாடை. அப்புறம் வெந்த மாவு வாடை, இடியாப்பத் தட்டைத் திறக்கிற மாதிரி. பதினெட்டு, இருபது நிமிஷத்துக்கு மேல் அது சட்டென்று வறுத்த வாசனையாகத் திரும்பும். மேல்தோல் 140 டிகிரிக்கு மேல் போகும்போது சர்க்கரையும் புரதமும் சேர்ந்து சிவக்கிற வேலை மும்முரமாகிறது. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மயார்டின் பெயரில் சொல்கிறார்கள். இந்த மூன்று வாசனையும் மாறுகிற இடங்களைப் பிடிப்பதுதான் பயிற்சி. இப்போதெல்லாம் நான் முப்பது நிமிஷக் கணக்கை நம்பி ரொட்டியை எடுப்பதில்லை. வாசனை திரும்பி பத்து நிமிஷம், அடியில் தட்டினால் வெற்றுப் பானைச் சத்தம்.

ஒருநாள் பன்னிரண்டாவது நிமிஷத்தில் கரண்ட் போய்விட்டது. மேல்தோல் இன்னும் வெள்ளை. பழைய நாளாக இருந்தால் கதவைத் திறந்து திறந்து பார்த்து, இருந்த சூட்டையும் வெளியே விட்டிருப்பேன். கை கைப்பிடிவரை போனது. நெஞ்சு அடிப்பது தெரிந்தது. அந்த இரண்டரை மணிப் படபடப்பேதான், கொஞ்சம் சின்னதாக. கையைக் கீழே இறக்கி, அந்தப் படபடப்போடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கும் ஓடவில்லை. இருபது நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்தது. ரொட்டி அடியில் அடைசலாக இருந்தது, தோசைக்கல்லில் நெய் விட்டு வாட்டிச் சாப்பிட்டோம். அன்றைக்கு ராத்திரியும் விழிப்பு வந்தது. ஆனால் படபடப்பு வந்ததும், இது எனக்குத் தெரிந்த ஆள் என்று தோன்றியது. கட்டிலின் விளிம்பில் உள்ளங்கை அடியை வைத்து, தள்ளு, மடி, திருப்பு என்று மனதுக்குள் பிசைந்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

எல்லா நாளும் அப்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். வாரத்தில் இரண்டு நாள் இன்னும் விழிப்பு வருகிறது.

அப்பாவுக்கு இப்போது வலது கையால் டம்ளரைப் பிடிக்க முடிகிறது, தூக்க இன்னும் இடது கை துணை வேண்டும். முப்பத்தோரு வருஷம் தபாலாபீசில் முத்திரை குத்திய கை. பிசியோதெரபி தம்பி பிசைந்து பழகுவதற்கு ரப்பர் களிமண் ஒன்று கொடுத்திருந்தார். அப்பாவுக்கு அதன் வாடை பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் மாவிலிருந்து எலுமிச்சை அளவு எடுத்து அவர் தட்டில் வைத்துவிடுகிறேன். அவர் அவருடையதைப் பிசைவார், நான் என்னுடையதை. பேசிக்கொள்ள மாட்டோம்.

போன ஞாயிறு டின்னில் மாவு இரண்டாம் தடவை எழுந்து விளிம்புக்கு வந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். குழி உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் வேண்டும், மூடவே இல்லையென்றால் நேரம் தாண்டிவிட்டது, மெதுவாகப் பாதி மூடினால் ஓவனுக்குத் தயார். டின்னை அப்பாவிடம் கொண்டுபோய், "நீங்க பாருங்கப்பா" என்றேன். வலது கட்டை விரலில் காய்ந்த மைதாவைத் தொட்டுக்கொண்டு, கொஞ்சம் நடுங்கி, மெதுவாக அழுத்தி எடுத்தார். இருவரும் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏளா, எந்திக்குது பாரு" என்றார் அப்பா.